வெள்ளியில் ஒரு சீனத் தெரு

சீன ஏற்றுமதி வெள்ளி என்றதும், அதை அறிந்தோர் டிராகன் சுற்றிய தேநீர்க் கெண்டிகளையும், மூங்கிலிலை செதுக்கிய கிண்ணங்களையும், பந்தயங்களில் பரிசாக வழங்கிய பெரிய கோப்பைகளையுமே நினைவுகூர்வர். ஏல நிறுவனங்கள் அச்சிடும் பட்டியல்களின் முன்பக்கங்கள் அவற்றுக்கே உரியன. என் மனம் சென்றதோ அப்பட்டியல்களின் கடைசிப் பக்கங்களின் மேல். அங்கே நான்கைந்து உருப்படிகளை ஒன்றாகக் கட்டி ஒரே இலக்கமிட்டு விற்கப்படும் சிற்றுருவங்களே பல ஆண்டுகளாக என்னைப் பிடித்து வைத்திருக்கின்றன.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சம்பான் தோணி. அதன் பாய்க்கூரையில் பன்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் கீறப்பட்டிருக்கும். பின்புறம் துடுப்பைப் பிடித்தபடி, ஒரு காலை முன்வைத்து நிற்கும் பெண். கூரையின் கீழே குனிந்து பார்த்தால் நெல்மணியிலும் சற்றே பெரிய தேநீர்க் கெண்டி. நடுவே ஒரே பெருஞ்சக்கரம் கொண்டு இருபுறமும் ஆள் ஏற்றிச் செல்லும் ஷங்காய்த் தள்ளுவண்டி இன்னொன்று. எருமையின் பின் கலப்பையைப் பிடித்து நடக்கும் உழவன், பல்லக்குச் சுமப்போர், தோள்தடியின் இருமுனையிலும் கூடை தொங்கவிட்டுச் செல்பவன், காலால் மிதித்து நீரிறைப்போர், கழுத்தில் மரப்பலகை பூட்டிய தண்டனைக் கைதி என்று இந்த வரிசை நீளும். பகோடாக்களும் அலங்கார வாயில்களும் உண்டு. அவை அழகானவைதாம்; ஆனால் ஒன்றைக் கண்டால் போதும்.

இவற்றுள் சில வெறும் அலங்காரப் பொருள்கள். பல, மேசையில் ஒரு வேலை செய்தவை. விருந்தின்போது விருந்தினரின் பெயரெழுதிய அட்டையைச் செருகி நிறுத்துவதற்கென ஆறு அல்லது பன்னிரண்டாகப் பெட்டியிலிட்டு விற்றனர். உப்புக் கிண்ணமாகவும், மிளகுத்தூள் தூவும் சிமிழாகவும், பற்குச்சி தாங்கியாகவும் செய்தனர். பெரிய யுங்குக் கப்பல்கள் கருமரப் பீடத்தின் மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றன.

வெள்ளியிற் சிற்றுருவம் செய்வது சீனர் கண்டுபிடித்த கலை அன்று. 18ஆம் நூற்றாண்டில் அம்ஸ்ரடாமிலும் லண்டனிலும் இதற்கெனவே கைவினைஞர் இருந்தனர். ஆயினும் ஒல்லாந்தரின் சிற்றுருவங்களுட் பெரும்பகுதி பொம்மை வீட்டுக்கான தட்டுமுட்டுகள்: மெழுகுதிரித் தண்டு, கணப்பு, கதிரை, சட்டி. அது வீட்டுக்குள் இருக்கும் உலகம். சீன வெள்ளி தெருவையும் ஆற்றையும் வயலையும் செய்தது. அதாவது வேலையைச் செய்தது. என்னைக் கவர்ந்ததும் பின்னர் உறுத்தியதும் இதுவே.

இதன் பூர்வீகம் கன்ரன் நகரம். 1757 முதல் 1842 வரை மேல்நாட்டு வணிகர் சீனாவுடன் கடல்வழி வாணிகம் செய்வதற்கு அந்த ஒரு துறைமுகமே திறந்திருந்தது. அங்கும் நகர மதிலுக்குள் அவர்கள் செல்லவியலாது. ஆற்றங்கரையில் 'பதின்மூன்று' எனப் பெயர்பெற்ற வணிகக் கிடங்குகளும், அவற்றை ஒட்டிய பழைய சீனத் தெரு, புதிய சீனத் தெரு என்னும் சந்துகளுமே அவர்களுக்கு உலகம். அச்சந்துகளில் அரக்கு வேலைப்பாடு, தந்த விசிறி, ஓவியம் ஆகியவற்றோடு வெள்ளிச் சாமான்களும் விற்பனையாயின. கப்பற் தலைவன் தன்னிடமிருந்த வெள்ளி டொலர்களை எடைபோட்டுக் கொடுப்பான். அவற்றை உருக்கிக் கரண்டியாகவும் கிண்ணமாகவும் தருவர். லண்டனோடு ஒப்பிட்டால் செய்கூலி மிகச் சொற்பம்.

மேல்நாட்டார் கேட்டதெல்லாம் மேல்நாட்டுப் பொருள் போன்ற பொருள். ஆகவே கன்ரன் தட்டார் வடிவத்தை மட்டுமன்றி முத்திரையையும் பெயர்த்தனர். நடக்கும் சிங்கம், சிறுத்தை முகம், அரசர் தலை ஆகிய ஆங்கில முத்திரைகளெல்லாம் சீனக் கரண்டிகளின் காம்பில் இடம்பெற்றன. 1808இல் லண்டனில் மூவர் கூட்டாகத் தம் முத்திரையைப் பதிவுசெய்தனர்: வில்லியம் ஈலி, வில்லியம் ஃபியர்ன், வில்லியம் சோனர். கரண்டி செய்வதில் பேர்போனவர்கள். அவர்களது முதலெழுத்துகளைச் சீனத் தட்டார் பொறித்தபோது ஃபியர்னுக்குரிய எழுத்து இன்னொரு ஈலியின் எழுத்தாகிவிட்டது. அவ்விரு ஆங்கில எழுத்துகளுக்குமிடையே வேறுபாடு அடியில் ஒரு கோடுதான். அம்மொழியை அறியாத கைக்கு அந்தக் கோடு அழகாகத் தோன்றியிருக்கலாம். இதை மோசடி என்று எழுதுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கன்ரன் தெருவில் நின்று சீனனிடம் வாங்கியவன் அதை லண்டன் பொருள் என்று எண்ணியிருக்கமாட்டான்.

ஆனால் அவனது பேரப்பிள்ளைகள் எண்ணினர். மசச்சூசெற்ஸ் மாநில வீடுகளிலும் ஸ்கொட்லாந்து மாளிகைகளிலும் இருந்த சீன வெள்ளி, வெகுகாலம் ஆங்கில வெள்ளியாகவோ அமெரிக்க வெள்ளியாகவோ கணக்கிடப்பட்டது. எச். ஏ. கிரொஸ்பி ஃபோர்ப்ஸ், ஜோன் டெவெரோ கெர்னன், ரூத் வில்கின்ஸ் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய பெருநூல் 1975இல் வெளிவந்த பின்னரே இத்துறைக்கு ஒரு முகவரி கிடைத்தது. 1785 முதல் 1885 வரையிலான நூறாண்டை அந்நூல் எடுத்துக்கொண்டது. நான் நேசிக்கும் சிற்றுருவங்களுட் பெரும்பாலானவை அதற்குப் பிற்பட்டவை. ஆகவே அறிஞர்களின் பந்தியிலும் அவற்றுக்குக் கடைசி இலையே கிடைத்தது.

உருக்கிய வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். சீனத்து மண்ணில் அதன் தேவைக்கேற்ற வெள்ளி விளையவில்லை. பொலிவியாவின் பொத்தோசி மலையிலும் மெக்சிக்கோவிலும் தோண்டிய வெள்ளி, எட்டு ரியால் நாணயமாகித் தேயிலைக்கும் பட்டுக்கும் விலையாகக் கன்ரனுக்கு வந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 27 கிராம் எடை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. பிற்காலச் சீனச் சாமான்களில் '90' என்னும் எண் பொறிக்கப்பட்டிருப்பதன் பொருள் இந்தத் தொண்ணூறு பங்கே. இங்கிலாந்தின் ஸ்ரேர்லிங் தரமான 92.5இலும் சற்றுக் குறைவு. தேயிலைக்கு வெள்ளி கொடுத்துக் கொடுத்துச் சலித்த கிழக்கிந்தியக் கம்பனி வங்காளத்து அபினைக் கண்டுபிடித்தது. வெள்ளி வந்த வழியே திரும்பலாயிற்று. 1839இல் லின் சேசூ என்னும் ஆணையாளர் ஹூமனில் 20,000க்கு மேற்பட்ட பெட்டி அபினை அழித்தார், போர் மூண்டது, 1842இன் நான்கிங் உடன்படிக்கைப்படி சீனா இரண்டு கோடியே பத்து இலட்சம் வெள்ளி டொலர் நட்டஈடு செலுத்த இணங்கியது. ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. ஹொங்கொங் கைமாறியது. மேசையில் உப்பு ஏந்தி நிற்கும் வெள்ளி மனிதனின் உடம்பில் ஓடும் உலோகத்துக்கு இத்தனை பயணமும் உண்டு.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் சீனக் கடற்கரைக்கு அதிகாரிகளும், வணிகரும், அவர்தம் மனைவியரும், சும்மா பார்க்க வந்தோரும் திரளாக வரலாயினர். ஊர் திரும்புகையில் சீனாவைக் கையோடு கொண்டுசெல்ல விரும்பினர். அதற்கு முன்னரே கன்ரன் ஓவியர், ஒரு செடியின் உட்தக்கையைச் சீவியெடுத்த தாளில் தெருத்தொழிலாளர் படங்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக வரைந்து விற்றுப் பழகியிருந்தனர். நாவிதன், செருப்புத் தைப்பவன், மீன் விற்பவன் என்று வரிசையாக இருக்கும். வெள்ளித் தட்டார் செய்ததும் அதே வரிசையின் முப்பரிமாண வடிவமே எனலாம். கன்ரனிலும் ஹொங்கொங்கிலும் வாங் ஹிங், ஷங்காயில் லுயென் வோ, ஹுங் சோங் போன்ற கடைகள் இக்காலத்திற் புகழ்பெற்றன.

இக்கடைகள் யாவும் விற்பனைக் கடைகளே என்பதை மனங்கொள்ளவேண்டும். பொருளின் அடியைத் திருப்பினால் இரண்டு முத்திரைகள் இருக்கும். ஆங்கில எழுத்துகளில் உள்ளது கடையின் பெயர்; அருகே சிறிய சதுரத்துள் இரண்டொரு சீன எழுத்துகள். அவை பட்டறைக்குரியவை. வாங்குவோருக்கு வாசிக்கத் தெரிந்தது கடையின் பெயர் மட்டுமே.

காலங்கணிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்குச் சில குறிப்புகள் சொல்வதுண்டு. றிக்‌ஷா பழங்காலச் சீனத்து வாகனம் அன்று. அது 1869ஐ ஒட்டி யப்பானிற் தோன்றி, 1874இல் ஷங்காய்க்கு வந்தது. எனவே வெள்ளி றிக்‌ஷாவை அதற்கு முற்பட்டது என்று எவராவது விற்க முனைந்தால் எழுந்து வந்துவிடலாம். உருவத்தின் முதுகில் நீண்ட பின்னல் தொங்கினால் 1911-12 புரட்சிக்கு முந்திய காலத்தை எண்ணத் தோன்றும். ஏனெனில் சிங் வம்சம் வீழ்ந்ததோடு பின்னலும் கத்தரிக்கப்பட்டது. ஆனால் இதை முழுதும் நம்புவதற்கில்லை. பின்னல் இல்லாத சீனனை வாங்க உல்லாசப் பயணி தயங்கியதால் தட்டார் பின்னலைத் தொடர்ந்தும் செய்திருக்கக்கூடும். 'சைனா' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது 1890ஆம் ஆண்டின் மக்கின்லி சுங்கச் சட்டத்தின் விளைவு. அமெரிக்காவுக்குள் வரும் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது.

செய்யும் முறையைப் பற்றி இன்னும் கொஞ்சம். நல்ல சிற்றுருவங்கள் அச்சில் ஊற்றி எடுத்தவை அல்ல. ஆளின் தலையும் கைகால்களும் வார்க்கப்பட்டிருக்கலாம்; மற்றவையெல்லாம் தகட்டை வெட்டி வளைத்தும், அச்சில் இழுத்த கம்பியை முறுக்கியும், துண்டு துண்டாகப் பற்றவைத்தும் எழுப்பியவை. யாழ்ப்பாணத்துத் தட்டார் பட்டறையிற் குந்தியிருந்து பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஊதுகுழல், சாமணம், வெண்காரம், பற்றாசு - கருவிகளும் பொருள்களும் ஏறக்குறைய ஒன்றே. றிக்‌ஷாச் சக்கரத்தின் ஆரக்கால் ஒவ்வொன்றும் தனிக் கம்பி. ஒன்றைப் பற்றவைக்கும் சூட்டில் முன்னர் பற்றவைத்தது கழன்றுவிடாதிருக்க வேண்டும். அதற்காக உருகுநிலை வேறுபட்ட பற்றாசுகளை முறையறிந்து ஆள்வர். பன்னிரண்டு ஆரக்கால்கள் கொண்ட சக்கரம் ஒன்று என் பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது; அது இன்றும் சுழல்கிறது.

என்னிடமுள்ள முதற்பொருள் இந்தச் சக்கரத்துக்குரிய றிக்‌ஷாதான். அது வந்த வழி வேடிக்கையானது. 1980ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க எண்ணெய்ச் செல்வர்களான ஹன்ற் சகோதரர் வெள்ளியை வாங்கிக் குவித்ததன் விளைவாக உலகச் சந்தையில் அவுன்சு ஒன்று 50 டொலரைத் தொட்டது. கொழும்பில் அதன் எதிரொலியை எழுதிவரும்படி ஆசிரியர் என்னைச் செட்டியார் தெருவுக்கு அனுப்பினார். நகைக்கடைகளின் முன்னால் வரிசை. திருகிய கைப்பிடிகள், கரண்டிகள், சந்தனக் கும்பாக்கள், பாடசாலை விளையாட்டுப் போட்டிக் கிண்ணங்கள் யாவும் சாக்கில் வந்து தராசில் ஏறின. வாங்கியவர் எடையை மட்டும் பார்த்தார். செய்கூலி என்பது விற்கும்போது கிடையாது என்பது அத்தெருவின் சட்டம். உலகெங்கும் அந்த மாதத்தில் இவ்வாறே பழைய வெள்ளி உலையிற் போயிற்று.

ஒரு கடையில் உருக்குவதற்கென ஒதுக்கிய குவியலின் மேல் இந்த றிக்‌ஷா கவிழ்ந்து கிடந்தது. நீளம் பத்துச் சென்ரிமீற்றருக்கு உட்பட்டது. இருக்கையின் இடத்தில் உப்புக் கிண்ணம். பின்னால் மடிக்கும் கூடாரத்தைப் போலச் செய்த தகடு. முன்னே இரு தண்டுகள். இழுப்பவன் இல்லை. தண்டுகளின் முனையில் அவன் கைகள் முறிந்த இடம் மட்டும் சொரசொரப்பாகத் தெரிந்தது. எடை மூன்று அவுன்சு. ஊரைவிட்டுக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் சாமான்களோடு அது வந்ததாகக் கடைக்காரர் சொன்னார். அந்த நாட்களில் ஹொங்கொங்கிலிருந்து லண்டன் செல்லும் கப்பல்கள் சிங்கப்பூரையும் கொழும்பையும் தொட்டே சென்றன. சீனத்து வெள்ளி இங்கே இறங்கியது வியப்பன்று. உச்ச விலையில் எடைக்குப் பணங்கொடுத்து வாங்கினேன். அடுத்த மார்ச் 27இல் விலை 11 டொலருக்கும் கீழே விழுந்தது. அதன்பின் அந்தக் கடைக்காரர் என்னைத் தெருவிற் காணுந்தோறும் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அது எடை அல்ல.

காரியாலயத்தில் அதை மேசைமேல் வைத்தபோது பலரும் எடுத்துப் பார்த்தனர். பாராட்டினர். அச்சுக்கோப்பாளர் ஒருவர் மட்டும் நெடுநேரம் வைத்திருந்தார். ஐம்பதைக் கடந்தவர், ஈயத்தில் தலைகீழாக இருக்கும் எழுத்தை விரலாலேயே வாசிக்கக்கூடியவர். கண்ணருகே தூக்கிச் சக்கரத்தைச் சுண்டிவிட்டார்.

"தம்பி, இது எங்கப்பா இழுத்த வண்டி மாதிரியே இருக்கு. இழுக்கிற ஆளத்தான் காணோம்."

"முறிஞ்சு போச்சுதண்ணை."

"முறியல தம்பி. வீட்டுக்குப் போயிருப்பான்." சிறிது பொறுத்து, "இதுல என்ன வைப்பாங்க?" என்று கேட்டார்.

"உப்பு."

"உப்பு வைக்கவா இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சான்?"

அவர் குரலிற் கோபம் இல்லை. செய்தவனின் உழைப்பு வீணாயிற்றே என்ற கவலைதான் இருந்தது. கொழும்பில் றிக்‌ஷா இழுத்தோரிற் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். அவருடைய தகப்பனார் இழுத்த வண்டியும் சொந்தமன்று, நாள்வாடகைக்கு எடுத்தது. மழைநாளில் சவாரி கூடும், நெஞ்சுச்சளியும் கூடும் என்று சொன்னார். வாடகை போக மிஞ்சியதைச் சேர்த்து ஒரு வண்டி வாங்கிவிடவேண்டும் என்பதே அவருடைய கடைசிக்கால ஆசையாம். பல ஆண்டுகளின் பின், லாவ் ஷ 1936-37இல் தொடராக எழுதிய பீக்கிங் றிக்‌ஷாக்காரனின் நாவலைப் படித்தபோது, அங்கும் அந்த ஆசையே கதையாக இருப்பதைக் கண்டு இவரையே நினைத்துக்கொண்டேன்.

இழுப்பவன் இல்லாமையால் வண்டி முன்னோக்கிக் கவிழ்ந்து தண்டுகள் மேசையில் இடிக்கும். அடுத்த வாரம் அவர் தேய்ந்து கழித்த ஈய அச்செழுத்து ஒன்றைக் கொண்டுவந்து தண்டுகளின் குறுக்குக் கம்பியின் கீழ் நிறுத்தினார். அளவு சரியாக இருந்தது. வண்டி மட்டமாக நின்றது.

அன்றுமுதல் இவற்றை அழகு என்று மட்டும் பார்க்க என்னால் இயலவில்லை. விற்பனைப் பட்டியல்களில் தோள்தடி சுமப்பவனுக்கும் வண்டி இழுப்பவனுக்கும் ஒரே பெயர்தான்: 'கூலி உருவம்.' அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் நமது 'கூலி' என்பதே என அகராதிகள் பல கூறுகின்றன. குஜராத்தின் கோலி மக்களின் பெயரை மூலமாகக் கொள்வோரும் உளர். தமிழில் அது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். கப்பலேறிப் போனபின் உழைப்பவனுக்கே பெயராயிற்று. சீனத்துக்குச் சென்றபோது சீனர் அதைத் தம் ஒலிக்கேற்பக் 'கு-லி' என எழுதிக்கொண்டனர். அதற்கு அவர்கள் தெரிந்தெடுத்த இரண்டு எழுத்துகளுக்கும் 'கசப்பு', 'வலிமை' என்று பொருள். நமது 'காசு'ம் இவ்வாறே போர்த்துக்கேயர் வாய்வழி சென்று, சீனரின் துளையிட்ட செப்பு நாணயத்துக்கு ஆங்கிலப் பெயராயிற்று. காசும் கூலியும் ஒரே கப்பலிற் போயின போலும். மலையகத்து மக்களைக் குறிக்கத் 'தோட்டக் கூலிகள்' என்று எழுதுவதை எமது பத்திரிகைகள் கைவிட்டு வெகுகாலமாகிறது. வெள்ளி வணிகத்தில் அச்சொல் இன்னும் நடமாடுகிறது. என் அலுமாரியின் சீட்டுகளில் நான் 'சுமை தூக்குபவர்', 'வண்டி இழுப்பவர்' என்றே எழுதியிருக்கிறேன்.

இவற்றை வைத்திருப்பது தகுமா என்று என்னிடமே வாதாடியதுண்டு. வறியவனின் முதுகைப் பொம்மையாக்கி விருந்து மேசையில் வைத்தவர்களின் இரசனை எனக்கு உவப்பானதன்று. ஆனால் உருவங்களைக் கூர்ந்து பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. என்னிடமுள்ள தோள்தடிக்காரனின் தடி நேர்க்கோடாக இல்லை. கூடைகளின் பாரத்தால் இரு முனையும் கீழே வளைந்திருக்கின்றன. பாரம் இறங்கும் தோள் ஒருவிரற்கடை போலத் தாழ்ந்து, மறுகை இடுப்பின் பின்னால் மடங்கியிருக்கிறது. ஐந்து சென்ரிமீற்றர் உயரமுள்ள உருவத்தில் இதை வாங்குபவன் கேட்டிருக்கமாட்டான், கவனித்தும் இருக்கமாட்டான். சுமை தூக்கியவன் அல்லது சுமை தூக்கியவனோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவன் செய்தது அது. அவனும் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பெற்றவனே. எல்லாப் பொருளிலும் இந்தக் கவனம் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். அட்டை செருகும் தொகுதிகளிற் பல அவசரத்திற் செய்த சரக்கு. அவற்றை விலைகொடுத்து வாங்குவதில்லை.

1997இல் ஹொங்கொங் கைமாறுவதற்குச் சில வாரங்களின் முன் அங்கு செல்லும் வாய்ப்புக் கிட்டியது. செய்தி அனுப்பிய நேரம் போக எஞ்சியதையெல்லாம் ஹொலிவூட் வீதியின் பழம்பொருட் கடைகளிற் கழித்தேன். போலிகளை அடையாளம் காணக் கற்றதும் அங்கேதான். போலி பெரும்பாலும் ஒரே வார்ப்பு. கூரையும் ஆளும் துடுப்பும் ஒரே உடலாக உருகி ஒட்டியிருக்கும். தகட்டின் கூர்மை இராது. மூலைகளில் ஊசித்துளைகள் தெரியும். முத்திரையும் அச்சோடு வந்ததாகையால் விளிம்பு மழுங்கியிருக்கும். நல்ல முத்திரை உளியால் அறைந்ததுபோற் கூராக இருக்கும். வெள்ளி முலாமிட்ட வெண்கலவை உலோகமும் உண்டு. உரைகல் அதற்கு விடை சொல்லும். கடையொன்றிலிருந்த முதியவர் என் றிக்‌ஷாவின் படத்தைப் பார்த்து, பட்டறை முத்திரையின் முதலெழுத்தை வாசித்தார். இரண்டாம் எழுத்து தேய்ந்துவிட்டது. யாரோ ஒரு வேலைக்காரன் நாள்தோறும் அதைத் துலக்கித் துலக்கித் தேய்த்திருக்கிறான்.

துலக்குவது பற்றி ஒரு வார்த்தை. வெள்ளி விளக்கைத் திருநீறிட்டுத் துலக்குவது எமது வீட்டு வழக்கம். சமையலறைப் புளியும் உண்டு. விளக்குக்குச் சரி, சிற்றுருவத்தின் நுண்கீறல்களை அவை அரித்துவிடும். கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மத்தால் வெள்ளியின் மேற்படியும் படலம். குழிகளில் அது இருப்பது வேலைப்பாட்டை எடுத்துக்காட்டும், அப்படியே விடலாம். இறப்பர்ப் பட்டி போட்டுக் கட்டக்கூடாது. பத்திரிகைத் தாளிற் சுற்றக்கூடாது - இதைப் பத்திரிகைக்காரனே சொல்கிறேன். உண்மையில் வெள்ளிக்குக் கொடிய பகை உப்புத்தான். என் றிக்‌ஷாவின் கிண்ணத்தில் உட்புறம் பொன்முலாம் பூசியிருந்தும், முலாம் தேய்ந்த இடத்தில் உப்புத் தின்ற கரும்புள்ளிகள் குழிந்திருக்கின்றன. அச்சுக்கோப்பாளர் கேட்ட கேள்வி வேதியியற்படியும் நியாயமானதே.

சீனாவில் இத்தொழிலின் முடிவு பல அடிகளால் வந்தது. 1934இல் அமெரிக்கா வெள்ளியை உயர்விலைக்கு வாங்கச் சட்டமியற்றியதால் சீனத்து வெள்ளி கப்பல் கப்பலாக வெளியேறிற்று. 1935 நவம்பரில் சீன அரசு வெள்ளி நாணயத்தைக் கைவிட்டுத் தாள்நாணயத்துக்கு மாறியது. பின் யப்பானியப் படையெடுப்பு, உள்நாட்டுப் போர், 1949. கடைகள் மூடின, அல்லது இடம்பெயர்ந்தன. பொருள்களோ ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்தன. இந்த நூற்றாண்டில் அவற்றைத் தேடி வாங்குவோரிற் சீனர் முன்னணியில் நிற்கின்றனர். நியாயந்தான். ஆயினும் அவர்களும் பெரும்பாலும் கெண்டிகளையும் கிண்ணங்களையுமே விரும்புகின்றனர். 2025 ஒக்ரோபரில் வெள்ளி மீண்டும் அவுன்சு 50 டொலரைத் தாண்டியபோது எனக்குச் செட்டியார் தெருவின் அந்தக் குவியலே நினைவுக்கு வந்தது. விலைபோகாத சிற்றுருவங்களுக்கு எடை விலை ஏறுவதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

அந்த மாதமே வெளிநாட்டிலுள்ள மகனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இணைய ஏலமொன்றில் றிக்‌ஷா இழுப்பவனின் உருவம் தனியாக விற்பனைக்கு வந்திருந்தது. படங்களை அனுப்பி, "அப்பா, ஆள் கிடைச்சிட்டார். வாங்கவோ?" என்று கேட்டிருந்தான். இழுப்பவனோடு கூடிய வண்டி, இல்லாத வண்டியைவிடப் பலமடங்கு விலைபோகும் என்பது அவனுக்குத் தெரியும். ஒன்றின் உறுப்பை இன்னொன்றோடு சேர்ப்பதற்கு வணிகர் 'கலியாணம்' என்றே பெயர் வைத்திருக்கின்றனர். பல அலுமாரிகள் அத்தகைய தம்பதியரால் நிறைந்துள்ளன.

பூதக்கண்ணாடி வைத்துப் படங்களைப் பார்த்தேன். நல்ல வேலை. கணுக்கால் நரம்பு வரை செதுக்கியிருந்தான். ஆனால் உருவத்தின் தலையில் வட்டத்தொப்பி, பின்னல் கிடையாது. பாதத்தின் அடியில் மரப்பீடத்திற் பூட்டுவதற்கான திருகாணி இருந்தது. என் வண்டியோ பீடமில்லாமல் தன் சக்கரத்திலேயே நிற்பது. மூடிய கைகளின் துளை வேறு என் தண்டுகளைவிடப் பெரிது. பொருத்தமில்லை, விட்டுவிடு என்று பதில் எழுதினேன். இரண்டு நாள் கழித்து அவ்வுருவம் வேறு யாருக்கோ விற்பனையாயிற்று என்று மகன் சொன்னான்; விலையைக் கேட்டேன், எடைக்கு நாலு மடங்கு. எங்கோ ஒரு வண்டி அவனுக்காகக் காத்திருந்திருக்கலாம். என் வண்டியின் கீழ் ஈய அச்செழுத்துத்தான் இருக்கிறது. அது 'ழ'கரம்.